நமக்குள்ளே ஒரு பைப் லைன்

– மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன் –



டிப்ளமோ மாணவர் மலரில் பயாலஜி பாடமா என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பத்தாம் வகுப்போடு இதயப் படத்துக்கும் தவளைப் படத்துக்கும் பெரிய கும்பிடு போட்டுவிட்டு வந்தவர்கள்தான் நாம் எல்லோரும். ஆனாலும் ஒரு விஷயம். உடம்பில் ஓடும் ரத்தக் குழாய்களைப் புரிந்துகொள்வதில் மற்ற எல்லாரையும்விட நமக்கு வசதி அதிகம். ஏன்னா பம்ப், பைப், வால்வு, பிரஷர், லீக்கேஜ் இதெல்லாம் நம்ம சப்ஜெக்ட்! ஹைட்ராலிக்ஸ் லேபில் ரெக்கார்டு எழுதிய கையோடு இதைப் படித்தால் சட்டென்று மனதில் நிற்கும். அது மட்டுமல்ல. மெஷின் ஷாப்பில் வேலை செய்கிற நமக்கு இந்த அறிவு ஒருநாள் ஒரு உயிரையே காப்பாற்றலாம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு பம்ப், இரண்டு லைன்

நம் இதயம் ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லி ரத்தத்தைத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று வைத்துக்கொள்வோம். 70 × 72 = 5040. அதாவது நிமிடத்துக்கு 5 லிட்டர். வளர்ந்த ஒரு மனிதனின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமும் சுமார் 5 லிட்டர்தான். ஆக, நீங்கள் இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் ரத்தம் முழுவதும் கிட்டத்தட்ட ஒரு ரவுண்டு போய் வந்திருக்கும்!

இந்தச் சின்னப் பெருக்கல் கணக்குதான் மருத்துவ உலகத்தையே புரட்டிப் போட்டது. ரத்தம் கல்லீரலில் உற்பத்தியாகி, உடம்பில் செலவாகித் தீர்ந்துவிடுகிறது என்றுதான் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பாவில் நம்பினார்கள். இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி கணக்குப் போட்டுப் பார்த்தார். இதயம் அரை மணி நேரத்தில் தள்ளுகிற ரத்தமே உடம்பில் உள்ள மொத்த ரத்தத்தைவிட அதிகம் வந்தது. அவ்வளவு ரத்தத்தை யார் தயாரிக்க முடியும்? அப்படியானால் அதே ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வருகிறது என்று 1628-இல் புத்தகமே எழுதினார். ஆனால் போகிற குழாயும் வருகிற குழாயும் எங்கே சேர்கின்றன என்பதை அவரால் காட்ட முடியவில்லை. அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1661-இல், இத்தாலியின் மார்செல்லோ மால்பிகி மைக்ராஸ்கோப்பில் தவளையின் நுரையீரலைப் பார்த்தபோது அந்த இணைப்புக் குழாய்கள் கண்ணில் பட்டன.

குழாய்கள் மூன்று வகை. இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி. திரும்பக் கொண்டுவருவது சிரை. இரண்டுக்கும் நடுவே முடியைவிட மெல்லியதாக இருப்பது தந்துகி. நல்ல ரத்தம் தமனி, கெட்ட ரத்தம் சிரை என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததை விட்டுவிடுங்கள். இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாயும் தமனிதான். அதில் ஓடுவதோ ஆக்ஸிஜன் குறைந்த ரத்தம். திசையை வைத்துத்தான் பெயர், நிறத்தை வைத்து இல்லை.

இன்னொன்றும் சொல்லணும். நம் ஊரில் சிரையைத்தான் 'நரம்பு' என்று சொல்கிறோம். 'கையில நரம்பு தெரியுது', 'நரம்பு ஊசி போட்டாங்க' என்கிறோமே, அதெல்லாம் சிரைதான். உண்மையான நரம்பு என்பது மூளையிலிருந்து சிக்னல் கொண்டுபோகும் கேபிள். எலக்ட்ரிக்கல் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது: வயர் வேறு, பைப் வேறு!

சுவரில் மூன்று அடுக்கு

தமனியின் சுவரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மூன்று அடுக்கு தெரியும். உள்ளே ஒரே ஒரு செல் கனத்தில் வழவழப்பான உள்ளுறை. ரத்தம் ஒட்டாமல், உறையாமல் ஓடுவதற்குக் காரணம் இதுதான். நடுவே தசையும் ரப்பர் மாதிரி இழுபடும் நார்களும் சேர்ந்த நடுவுறை. வெளியே, பக்கத்து உறுப்புகளோடு பிடித்து நிறுத்தும் வெளியுறை.

சிரைக்கும் இதே மூன்று அடுக்குதான். ஆனால் நடுவுறை மெல்லியது. அதனால் காலியான தமனி ஓரளவு வட்டமாகவே நிற்கும். காலியான சிரை தண்ணீர் இல்லாத துணி ஹோஸ் மாதிரி தட்டையாகிவிடும். தந்துகிக்கு நடுவுறையும் இல்லை, வெளியுறையும் இல்லை. அந்த ஒரு செல் கனம்தான் அதன் சுவர் முழுவதும். இதில் ஒரு வேடிக்கை: பெரிய ரத்தக் குழாய்களின் சுவர் தடிமனாக இருப்பதால் அந்தச் சுவருக்கே ரத்தம் கொடுக்கத் தனியாகக் குட்டிக் குழாய்கள் உண்டு. பைப்புக்குள்ளே பைப்!

ஏர் வெசல் எங்கே இருக்கு?

ரெசிப்ரோகேட்டிங் பம்ப் படித்தவர்களுக்குத் தெரியும். பிஸ்டன் விட்டு விட்டுத் தள்ளுவதால் தண்ணீரும் விட்டு விட்டுத்தான் வரும். ஓட்டத்தைச் சீராக்க டெலிவரி பைப்பில் ஏர் வெசல் வைக்கிறோம். இதயமும் ஒரு ரெசிப்ரோகேட்டிங் பம்ப்தானே? அதன் ஏர் வெசல் எங்கே?

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனிதான் அது. சுமார் 25 மி.மீ. விட்டம், 2 மி.மீ. சுவர். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது இது உப்பிக்கொண்டு ஒரு பகுதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். இதயம் விரியும்போது, சுருங்கி அந்த ரத்தத்தை முன்னே தள்ளும். ஆகவே பம்ப் ஓய்வெடுக்கும் நேரத்திலும் ஓட்டம் நிற்பதில்லை. ஜெர்மனியின் ஓட்டோ ஃபிராங்க் 1899-இல் இதைக் கணக்காக எழுதினார். இதற்குப் பெயர் 'விண்ட்கெசல்'. தமிழில் சொன்னால் காற்றுக் கலம், நம் பாஷையில் ஏர் வெசலேதான்!

பி.பி. 120/80 என்கிறார்களே, அதன் ரகசியமும் இதுதான். 120 என்பது இதயம் தள்ளும்போது உள்ள உச்ச பிரஷர். இதயத்தின் இடது கீழறையில் ஓய்வு நேரத்தில் பிரஷர் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். ஆனால் தமனியில் 80-க்குக் கீழே போவதில்லை. பின்னோக்கி வராமல் வால்வு மூடிக்கொள்கிறது, பெருந்தமனி சுருங்கித் தாங்கிப் பிடிக்கிறது. வயதாக ஆக அந்த ரப்பர் தன்மை போய்ச் சுவர் விறைக்கும். அதனால்தான் தாத்தா பாட்டிகளுக்கு மேல் எண் ஏறிக்கொண்டே போகிறது.

டேப்பைத் திருகுவது யார்?

ஐந்து லிட்டரை எல்லா உறுப்புக்கும் எப்படிப் பங்கு பிரிப்பது? சாப்பிட்டவுடன் குடலுக்கு அதிகம் வேண்டும். கபடி விளையாடும்போது தொடைத் தசைக்கு வேண்டும். மூளைக்கோ எப்போதும் குறையக் கூடாது. இந்த வேலையைச் செய்வது நுண்தமனிகள். இவற்றின் சுவரில் தசை அதிகம். கொஞ்சம் இறுகினால் ஓட்டம் குறையும், தளர்ந்தால் கூடும். அதாவது இவைதான் கண்ட்ரோல் வால்வு.

கொஞ்சம் இறுகினாலே போதும், விளைவு பெரிது. லாமினார் ஃப்ளோவில் வரும் ஹேகன்–பாய்ஸ்யூல் ஃபார்முலா ஞாபகம் இருக்கிறதா? ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது, 16-இல் ஒரு பங்காகிவிடும்! ஆரம் வெறும் 16 சதவீதம் குறைந்தாலே ஓட்டம் பாதி. இந்தப் பாய்ஸ்யூல் யார் தெரியுமா? ஒரு பிரெஞ்சு டாக்டர். ரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ளத்தான் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் சோதனை செய்தார். 1828-இல் பாதரசம் ஊற்றிய யு-ட்யூப் மானோமீட்டரால் தமனியின் பிரஷரை அளந்தவரும் இவரே. நம் லேப் மானோமீட்டருக்கும் ஆஸ்பத்திரி பி.பி. மெஷினுக்கும் இப்படி ஒரு சொந்தம்.

வைவாவுக்குள் நுழையும்போது கை ஜில்லென்று ஆகிறதே, ஏன்? பயத்தில் சுரக்கும் அட்ரினலின் தோலில் உள்ள நுண்தமனிகளை இறுக்கிவிடுகிறது. தோலுக்குப் போக வேண்டிய ரத்தம் தசைக்குத் திருப்பி விடப்படுகிறது. ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ உடம்பு தயாராகிறது. நாமோ அங்கே நாற்காலியில் உட்கார்ந்து திருதிருன்னு முழிக்கிறோம்!

குழாயைத் தளர்த்துவதற்கும் ஏற்பாடு உண்டு. உள்ளுறைச் செல்கள் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைத் துளித்துளியாக வெளிவிட, பக்கத்துத் தசை தளர்கிறது. இதைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசை ஏற்படுத்திய ஆல்ஃபிரட் நோபல் நைட்ரோகிளிசரினை அடக்கி டைனமைட் செய்தவர். சிவில் நண்பர்களுக்குத் தெரிந்த கதை. 1896-இல், இறப்பதற்குச் சில வாரங்கள் முன், அவருடைய இதய நோய்க்கு டாக்டர்கள் எழுதிக்கொடுத்த மருந்து அதே நைட்ரோகிளிசரின்! அது உடம்புக்குள் நைட்ரிக் ஆக்ஸைடாகிக் குழாயைத் தளர்த்துகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

தந்துகி ஏன் வெடிப்பதில்லை?

தந்துகியின் விட்டம் சுமார் 8 மைக்ரான். ரத்தச் சிவப்பணுவின் விட்டமும் ஏறக்குறைய அதுவே. ஆகவே சிவப்பணுக்கள் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக, சில இடங்களில் உடம்பை மடக்கிக்கொண்டுதான் போக முடியும். ஆக்ஸிஜன் இறங்குவதும் கரியமில வாயு ஏறுவதும் இங்கேதான். மற்ற குழாய்கள் எல்லாம் ரோடு என்றால் இதுதான் சரக்கு இறக்கும் கடை வாசல்.

கண்டினியூட்டி ஈக்வேஷனை இங்கே போட்டுப் பார்ப்போம். ஓட்டம் = பரப்பு × வேகம். ஐந்து லிட்டர் என்பது விநாடிக்கு 83 கன செ.மீ. பெருந்தமனியின் பரப்பு சுமார் 4.9 சதுர செ.மீ. வகுத்தால் சராசரி வேகம் விநாடிக்கு 17 செ.மீ. தந்துகி ஒவ்வொன்றும் மெல்லியதுதான். ஆனால் கோடிக்கணக்கில் இருப்பதால் அவற்றின் மொத்தப் பரப்பு சுமார் 2500 சதுர செ.மீ. என்கிறார்கள். இப்போது வகுத்தால் விநாடிக்கு 0.3 மி.மீ. சொச்சம்தான். நத்தை வேகம்! தந்துகியின் நீளம் ஒரு மி.மீ.க்குள்தான் என்பதால் சரக்கை இறக்கி ஏற்ற ஓரிரு விநாடி கிடைக்கிறது. அது போதும்.

அரை மைக்ரான் சுவரை வைத்துக்கொண்டு தந்துகி எப்படி வெடிக்காமல் இருக்கிறது? தின் சிலிண்டர் ஃபார்முலாதான் பதில். ஹூப் ஸ்ட்ரெஸ் = பிரஷர் × விட்டம் ÷ (2 × கனம்). பெருந்தமனியில் 120 மி.மீ. பாதரசம் என்பது சதுர மி.மீ.க்கு 0.016 நியூட்டன். விட்டம் 25, கனம் 2 என்று போட்டால் ஸ்ட்ரெஸ் 0.1 வரும். தந்துகியில் பிரஷர் சுமார் 30 மி.மீ. பாதரசம், அதாவது 0.004 நியூட்டன். விட்டம் 0.008, கனம் 0.0005. போட்டுப் பாருங்கள், 0.032 வரும். மூன்றில் ஒரு பங்குதான்! விட்டம் சின்னதாக இருப்பதே அதற்குக் காப்பு. இதே ஃபார்முலா இன்னொரு எச்சரிக்கையும் தருகிறது. ஏதோ காரணத்தால் தமனியின் ஓரிடம் பலூன் மாதிரி வீங்கினால் விட்டம் கூடும், கனம் குறையும். ஸ்ட்ரெஸ் இரண்டு வழியிலும் ஏறும். ஏறிய ஸ்ட்ரெஸ் மேலும் வீங்க வைக்கும். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் வெடித்தும்விடும்.

மேலே ஏறும் ரத்தம்

சிரைகளில் பிரஷர் மிகக் குறைவு. ஆனால் உடம்பிலுள்ள ரத்தத்தில் பாதிக்கு மேல், சுமார் 60 சதவீதம், எப்போதும் இவற்றில்தான் இருக்கிறது. அதாவது இதுதான் நம் ஓவர்ஹெட் டேங்க். குளுக்கோஸ் பாட்டிலை ஸ்டாண்டில் உயரே மாட்டுகிறார்களே, சிரையில் உள்ள சின்ன பிரஷரை ஜெயிக்க அந்த உயரத்தின் ஹெட்டே போதும். தமனியில் அது நடக்காது. அங்கே 120 மி.மீ. பாதரசம் என்பது தண்ணீர்க் கணக்கில் 1.63 மீட்டர்!

நிற்கும்போது பாதத்திலிருந்து இதயத்துக்கு உயரம் சுமார் 1.2 மீட்டர். அவ்வளவு உயரம் ரத்தம் ஏற வேண்டும். மோட்டார் கிடையாது. கெண்டைக்கால் தசைதான் மோட்டார். நடக்கும்போது தசை சிரையை அமுக்குகிறது, ரத்தம் மேலே போகிறது. கீழே திரும்பாமல் சிரைக்குள் வரிசையாக நான்-ரிட்டர்ன் வால்வுகள் இருக்கின்றன. ஒரே இடத்தில் நின்றுகொண்டே இருந்தால் இந்த மோட்டார் ஓடாது. ரத்தம் தேங்கும், வால்வுகள் நாளடைவில் பழுதாகும். மில் தொழிலாளர்கள், கடையில் நிற்பவர்கள், கண்டக்டர்கள் சிலருக்குக் கால் 'நரம்பு' சுருண்டு புடைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாளைக்கு நாமும் ஷிப்டில் எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நிற்கப்போகிறவர்கள்தான். இடையிடையே நாலு எட்டு நடங்க, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க. காசு செலவில்லாத மெயின்டனன்ஸ்!

சத்தமில்லாத ஆபத்து

பாய்லரில் பிரஷர் ஏறினால் சேஃப்டி வால்வு கத்தும். நம் உடம்பில் பிரஷர் ஏறினால் பெரும்பாலும் ஒரு சத்தமும் இருக்காது. தலைவலி வந்தால்தான் பி.பி. என்று நினைப்பது தவறு. பல வருஷம் ஒன்றுமே தெரியாமல் இருந்துவிட்டு, ஒருநாள் மூளையில் குழாய் வெடித்தோ அடைத்தோ பக்கவாதமாகவும், மாரடைப்பாகவும், சிறுநீரகக் கோளாறாகவும் முகம் காட்டும். ஒரு தடவைக்கு மேல் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரைப் பார்த்தே ஆகணும்.

அடைப்பு எப்படி வருகிறது? பழைய ஜி.ஐ. பைப்பில் உப்புப் படிவது மாதிரி என்று சொல்வார்கள். அது பாதி உண்மைதான். கொழுப்பு பைப்பின் மேற்பரப்பில் படிவதில்லை. உள்ளுறை பழுதான இடத்தில் அதற்கு அடியில், சுவருக்குள்ளேயே சேருகிறது. பல மாரடைப்புகளில் அந்தக் கொழுப்பு மேடு திடீரென்று கிழிந்து, கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை மூடிவிடுகிறது. அதனால்தான் 'நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தார்' என்று வீடுகளில் அழுகிறார்கள். உள்ளுறையைப் பழுதாக்கும் ஆட்கள் நான்கு பேர்: உயர் பிரஷர், சர்க்கரை நோய், கெட்ட கொழுப்பு, புகை. சிகரெட்டோ பீடியோ, நிக்கோடின் குழாயை இறுக்குகிறது. புகையில் வரும் கார்பன் மோனாக்ஸைடு ஆக்ஸிஜன் உட்காரும் சீட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. டீக்கடை வாசலில் 'ஒரு இழுப்புத்தானே மச்சி' என்று நீட்டும் நண்பனுக்கு நான்காம் அடுக்குக் கணக்கைச் சொல்லுங்கள்.

இதய அடைப்பை நீக்குவதிலும் இன்ஜினியரிங்தான் கைகொடுத்தது. 1977-இல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் பலூனைக் குழாய்க்குள் செலுத்தி ஊதி அடைப்பை விரித்தார். 1986-இல் பிரான்சில் முதன்முதலாக மனிதரின் இதயத் தமனியில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஸ்டென்ட் என்பது வலைபோல வெட்டிய மெல்லிய உலோகக் குழாய். லேசர் கட்டிங், மெட்டலர்ஜி, ஃபெட்டீக் டெஸ்ட் எல்லாம் அதில் இருக்கு.

ஷாப்பில் ரத்தம் வந்தால்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். லேத்தில் பிசிறு, ஷீட் மெட்டலில் விளிம்பு, கிரைண்டரில் வீல் என்று வெட்டுப்பட நமக்கு வழிகள் நிறைய. ரத்தம் வரும் விதத்தைப் பார்த்தாலே எந்தக் குழாய் என்று ஓரளவு சொல்லலாம். பளிச்சென்ற சிவப்பில் துடிப்போடு பீறிட்டால் தமனி. கருஞ்சிவப்பில் ஒரே சீராக வழிந்தால் சிரை. கசிந்தால் தந்துகி. தமனியோ சிரையோ, முதல் வைத்தியம் ஒன்றுதான்: சுத்தமான துணியை வைத்து நேராகக் காயத்தின் மேல் அழுத்திப் பிடிப்பது. வெளியே இருந்து கொடுக்கும் பிரஷர் உள்ளே இருக்கும் பிரஷரை ஜெயித்தால் லீக் நிற்கும். அவ்வளவுதான் சூத்திரம்.

செய்ய வேண்டியது: ஐந்து, பத்து நிமிடம் கையை எடுக்காமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தால் உறையும் ரத்தம் பிய்ந்துவிடும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்று வையுங்கள். அடிபட்டவனைப் படுக்க வையுங்கள். 108-க்குப் போன் போடுங்கள்.

செய்யக் கூடாதது: பெஞ்சில் கிடக்கும் எண்ணெய் காட்டன் வேஸ்டை வைக்காதீர்கள். காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். பெரிய துண்டு ஏதாவது குத்தி நிற்கிறதென்றால் பிடுங்காதீர்கள். அதுவே அடைப்பானாக இருக்கலாம். அதைச் சுற்றி அழுத்துங்கள். கை கால் காயத்தில் எவ்வளவு அழுத்தியும் நிற்காமல் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், காயத்துக்கு மேலே, மூட்டில் படாமல், நாலு விரல் அகலத் துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள். கம்பியோ கயிறோ கூடாது. பாம்புக் கடிக்கு இந்தக் கட்டு கட்டவே கூடாது. விரல் துண்டாகிவிட்டால் அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸின் மேல் வைத்து எடுத்துப்போங்கள். ஐஸ் விரலில் நேராகப் படக் கூடாது. மெல்லிய தமனியையும் சிரையையும் மைக்ராஸ்கோப் வைத்துத் தைத்து விரலை மீண்டும் ஒட்டவைக்கும் வசதி பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது.

நண்பர்களே, ஐந்து லிட்டரில் இரண்டு லிட்டர் போனால் உயிருக்கே ஆபத்து. பெரிய தமனி அறுந்தால் அதற்குச் சில நிமிடங்களே போதும். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த நிமிடங்கள் பக்கத்து மெஷினில் நிற்பவன் கையில்தான் இருக்கின்றன. நாளைக்கு ஷாப்புக்குள் போனதும் முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது, உள்ளே துணியும் கட்டும் இருக்கிறதா என்று ஒரு தடவை திறந்து பாருங்கள். லீவில் ஊருக்குப் போனால் அப்பாவையும் அம்மாவையும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் பி.பி. பார்க்கச் சொல்லுங்கள். 'எனக்கு என்னப்பா, நல்லாத்தான் இருக்கேன்' என்பார்கள். பிரஷர் ஏறினால் வலிக்காதுப்பா என்று சொல்லிக் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள்.